வண்டி யார் பேர்ல இருக்குது?

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ராசிபுரத்துக்கு வந்த பிறகும் என் கைபேசிக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை. ரிக் வேலைக்கு ஆப்பிரிக்கா போகிற திருச்செங்கோட்டுப் பையன்கள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்காமலே அதில் சேர்த்துவிட்டார்கள். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களைத் தாண்டிப் போனால் தினம் ஒரு சந்தேகம் காத்திருக்கும். போன வாரம் பனமரத்துப்பட்டிப் பையன் ஒருவன் கேட்டிருந்தான்.

"அண்ணா, நான் அங்க பர்மிட்டுல போறேனுங்க. என்ற பைக்கையும் கப்பல்ல போட்டு எடுத்துட்டுப் போயி, அங்கியே நம்பர் வாங்கி ஓட்டலாமுங்களா? என்னென்ன பேப்பர் வேணுமுங்க?"

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "வண்டி யார் பேர்ல இருக்குது சாமி?"

"அப்பா பேர்லங்கண்ணா. அதனால என்னங்க?"

இந்த 'அதனால என்னங்க'வுக்குப் பதில் வாட்ஸப்பில் தட்ட என் கட்டைவிரலுக்குப் பொறுமை கிடையாது. அதனால் இங்கே எழுதுகிறேன். பையன்கள் படிப்பார்களா என்பது சந்தேகம்தான். வீடியோவாக இருந்தால் பார்ப்பார்கள்.

தொழில் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ரிக் என்பது ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி. திருச்செங்கோட்டில் கால் தடுக்கி விழுந்தால் ஒரு ரிக் முதலாளியின் மேல்தான் விழ வேண்டும். நம் ஊரில் எவ்வளவு ஆழம் போனாலும் புழுதிதான் வருகிறது என்று ஆனபோது, எங்கள் ஆட்கள் தண்ணீர் இருக்கிற தேசத்தைத் தேடிக் கப்பல் ஏறினார்கள். ரிக் போனது, அதை ஓட்ட ஆள் போனான், ஆளுக்குச் சோறாக்க ஆள் போனான். எல்லாவற்றுக்கும் பேப்பர் பார்க்க நான் போனேன்.

நான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பா பட்டு நெய்தார். எனக்கு நூல் அறுந்தால் முடிச்சுப் போடக்கூடத் தெரியாது, அதனால் பி.காம். படிக்க வைத்தார்கள். திருச்செங்கோட்டில் ஒரு ரிக் கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்து, சேஸிஸ் நம்பரின் மேல் டேப் ஒட்டிப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பதில் தொடங்கி, ஒரு வண்டியை அரசாங்கம் நம்புகிற மாதிரி காகிதத்தில் நிறுத்துவது வரை கற்றுக்கொண்டேன். பிறகு கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு அனுப்பினார்கள். நாட்டின் பெயர் வேண்டாம், கம்பெனி வண்டிகள் அங்கே இன்னும் ஓடுகின்றன. ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன்.

முதலாளி நல்லசாமி எருமப்பட்டிப் பக்கம் தோட்டக்காரர். நல்ல மனிதர் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள், அவரிடம் வேலை செய்யாதவர்கள் இன்னும் அழுத்திச் சொல்வார்கள். அவர் யாரையும் திட்டியதில்லை. எதையும் செய் என்றும் சொன்னதில்லை, செய்யாதே என்றும் சொன்னதில்லை. நாம் போய் ஒரு சிக்கலைச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்பார். கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். மாட்டிக்கொண்டு நம்மை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு சொல்வார்:

"பாத்துச் செய்யுங்க வெங்கடாசலம்."

அவ்வளவுதான். காரியம் நடந்தால் முதலாளி செய்தது, நடக்காவிட்டால் வெங்கடாசலம் பார்க்காமல் செய்தது. ஒருமுறை நான் துணிந்து, "செய்யலாமுங்களா, வேண்டாமுங்களா, ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் வாடிப்போனது. "அதைத்தானுங்க சொன்னேன், பாத்துச் செய்யுங்கன்னு" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

அவர் உறுதியாக நம்பியது ஒன்றே ஒன்றுதான். அது அவர் மனைவி சரஸ்வதி அம்மாளின் ராசி. கல்யாணமான புதிதில் ஒரு பழைய ரிக்கை அந்த அம்மாள் பேரில் எடுத்தாராம். போட்ட முதல் கிணற்றிலேயே தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சி அடித்ததாம். அன்றிலிருந்து கம்பெனியில் சக்கரம் வைத்த எதை வாங்கினாலும் சரஸ்வதி பேரில்தான். ரிக், கம்ப்ரஸர் லாரி, டீசல் டேங்கர், தோட்டத்து டிராக்டர், எல்லாம். அந்த அம்மாள் பாட்டுக்கு எருமப்பட்டித் தோட்டத்தில் மாடு கறந்துகொண்டிருப்பார். ஆபீஸ் பையன் பேப்பர்க் கட்டோடு போவான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி இருக்கும். 'இன்ட்டு' என்போம். அம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இன்ட்டு கண்ட இடத்திலெல்லாம் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மாட்டிடம் போய்விடுவார். எது என்ன பேப்பர் என்று அவர் கேட்டதுமில்லை, யாரும் சொன்னதுமில்லை.

ராசி மனைவியுடையது, லாபம் கணவருடையது. ஊரான் ஊட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் பொண்டாட்டி பேரில்தான் இருந்தது.

இப்போது சின்ன முதலாளிக்கு வருகிறேன். ஒரே மகன் கார்த்திக். கோயமுத்தூரில் எம்.பி.ஏ. படித்தவர். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஆப்பிரிக்கக் கிளையை 'அடுத்த லெவலுக்கு' எடுத்துப்போக வந்து இறங்கினார். கிளை எந்த லெவலில் இருக்கிறது என்று முதலில் பார்த்திருக்கலாம். அவர் முதல் வாரத்தில் பார்த்தது, ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவதற்குத் தன் பைக் அங்கே இல்லை என்பதை.

அது நம் ஊரில் செய்த கனமான பைக். உதைத்துக் கிளப்பினால் தோட்டத்துக் கோழிகள் முட்டையை மறந்து ஓடும். நம் ஊரில் ஃபாரின் பைக் என்றால் வாயைப் பிளந்து பார்ப்போம். கடல் தாண்டியதும் நம் பைக்தான் ஃபாரின் பைக், அதை வாயைப் பிளந்து பார்க்கத்தான் அங்கே ஆள் இல்லை.

அந்த நாட்டில் சட்டம் எளிமையானது. பழைய பைக்கை வியாபாரத்துக்குக் கொண்டுவர முடியாது, கம்பெனி பேரிலும் முடியாது. ஆனால் வேலைக்கு வந்து தங்குகிறவர், ஒரு வருடத்துக்கு மேல் தன் சொந்தமாக வைத்து ஓட்டிய ஒரு வண்டியை வீட்டுச் சாமான்களோடு சாமானாகச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். முதலில் சுங்கத்தில் ஆன்லைன் அறிவிப்பு. பெட்டி வந்ததும் அதிகாரி முன்னால் திறந்து எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் சரிபார்ப்பு. சுங்கம் விடுவித்த பிறகு போக்குவரத்துத் துறையில் பிரேக், விளக்கு சோதனை. அதன் பிறகுதான் அந்த நாட்டு நம்பரும் உரிமைப் புத்தகமும். ஒவ்வொரு படியிலும் கேட்பது ஒரே கேள்விதான். இந்த வண்டி இவருடையதா?

"எல்லாம் போர்ட்டல்தான் அங்கிள். நீங்க இன்னும் பேப்பர் காலத்துலயே இருக்கீங்க. நானே பாத்துக்கறேன்" என்றார் சின்ன முதலாளி.

போர்ட்டலில் கம்பெனிக்கும் அதன் ஆட்களுக்கும் கையெழுத்திடும் ஆள் நான். உள்ளே நுழைய வேண்டுமானால் என் கைபேசிக்குத்தான் ரகசிய எண் வரும். ஒருநாள் நான் சேற்றில் சிக்கிய கம்ப்ரஸர் லாரிக்குப் பக்கத்தில் முழங்கால் சேற்றோடு நின்றபோது போன் வந்தது. "அங்கிள், ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க." சொன்னேன். முதலாளி மகன் கேட்கும்போது எதற்கு என்று கேட்கிறவன் ஒரே கம்பெனியில் தலை நரைத்திருக்க மாட்டான்.

அவர் அறிவிப்பில் என்ன எழுதினார் என்பது எனக்குப் பெட்டி வந்த பிறகுதான் தெரிந்தது. பாஸ்போர்ட்டில் அவர் பெயர் கார்த்திக், குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர் நல்லசாமி. வண்டியின் ஆர்.சி.யில் உரிமையாளர் சரஸ்வதி, கணவர் பெயர் நல்லசாமி. இரண்டிலும் நல்லசாமி இருக்கிறதல்லவா, அது போதும் என்று சின்ன முதலாளி முடிவு செய்திருக்கிறார். உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டு, அறிவிப்பவர் என்ற இடத்தில் என் பெயர் தானாக விழ, 'மேலே உள்ளவை உண்மை' என்ற கட்டத்தில் ஒரு டிக் அடித்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே, கூட்டினால் ஒன்பது வருகிற மாதிரி ஒரு நம்பரைப் போக்குவரத்துத் துறையில் சொல்லி வைத்துவிட்டார். பிறக்காத பிள்ளைக்குக் காது குத்தத் தேதி குறித்தாயிற்று.

பெட்டியைத் திறக்க வந்த சுங்க அதிகாரி ரெஹேமா என்ற பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். வயதானவர்களை அங்கே 'ம்ஸே' என்பார்கள், நாம் பெரியவரே என்கிற மாதிரி. என்னை அப்படித்தான் அழைப்பார். என் வேலை வாழ்க்கையில் நான் கண்டு பயந்த ஒரே அதிகாரி அவர்தான், ஏனென்றால் அவர் எழுத்து விடாமல் படிப்பார்.

மரப்பெட்டியின் பலகையைப் பெயர்த்ததும் சந்தனமும் குங்குமமும் பூசிய பைக் தரிசனம் கொடுத்தது. திருச்செங்கோட்டு ஆபீஸ்காரர்கள் பூஜை போடாமல் ஒரு போல்ட்டைக்கூட வெளியூர் அனுப்ப மாட்டார்கள். ஹேண்டில்பாரில் எலுமிச்சங்காயும் பச்சை மிளகாயும் கோத்த கயிறு. முன்சக்கரத்தில் நசுங்கிய இன்னொரு எலுமிச்சை, கப்பல் பயணத்தில் பச்சைப் பூஞ்சை பிடித்துப்போய். ரெஹேமா இரண்டடி பின்னால் போனார். வேற்றுநாட்டுக் காய், வேற்றுநாட்டு விதை. உடனே தாவர நோய்த் தடுப்பு அலுவலர் வந்தார், கையுறை போட்டுக்கொண்டு, இடுக்கியால் ஒவ்வொரு மிளகாயாக எடுத்துப் பையில் போட்டுச் சீல் வைத்தார். எருமப்பட்டி எலுமிச்சங்காய்க்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

"இது எதற்கு, ம்ஸே?" என்று கேட்டார் ரெஹேமா.

திருஷ்டியை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது? "பாதுகாப்புக்காக" என்றேன்.

அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "ஹெல்மெட் எங்கே?"

ஹெல்மெட் இல்லை.

அடுத்து அவர் கண் பெட்ரோல் டேங்கின் மேல் விழுந்தது. நாமக்கல் பெயின்டர் ஒருவர் மஞ்சளும் சிவப்புமாக நிழல் விட்டுத் தமிழில் இரண்டு வார்த்தை எழுதியிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று ரெஹேமா கேட்டார். நான் சொன்னேன்: "அன்னையின் பரிசு."

"பரிசா? சரி. அன்னை கொடுத்ததற்குப் பத்திரம் இருக்கிறதா?"

நம் நாட்டில் பாதி வண்டிகளில் இந்த வாசகம்தான் இருக்கிறது. எவனாவது பத்திரம் வைத்திருக்கிறானா? ரெஹேமா ஆர்.சி.யின் நகலை எடுத்தார். "சரஸ்வதி என்பவர் யார்?"

சின்ன முதலாளி சிரித்துக்கொண்டே முன்னால் வந்து ஆங்கிலத்தில் சொன்னார். "பேரு மட்டும்தான் மேடம் அம்மாவுது. வண்டி என்னுது."

ரெஹேமா பேனாவைக் கீழே வைத்தார். "எங்கள் நாட்டில் பெயரை வைத்துத்தான் வண்டி யாருடையது என்று கண்டுபிடிப்போம். உங்கள் நாட்டில் எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்?"

இந்த இடத்தில் வாயை மூடியிருந்தால் ஒரு எச்சரிக்கையோடு போயிருக்கும். சின்ன முதலாளி என் காதருகே குனிந்து, "என்ன எதிர்பாக்கறாங்கன்னு கேளுங்க அங்கிள்" என்றார். ரெஹேமாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த ஒரு வாக்கியம் எல்லா மொழியிலும் ஒரே ராகத்தில்தான் இருக்கும் போலிருக்கிறது. அவர் இன்னும் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். லஞ்சம் வாங்காத அதிகாரியின் மரியாதைக்கு முன்னால் நம்மவர்களுக்குக் கைகால் ஓடாது.

பொய் அறிவிப்பு என்று விசாரணை பதிவானது. அறிவித்தவர் வெங்கடாசலம். விசாரணை முடியும் வரை வெங்கடாசலத்தின் பாஸ்போர்ட் சுங்கத்தில் இருக்கும் என்று ஒரு ரசீது கொடுத்தார்கள். வேலியில் போன ஓணானைச் சின்ன முதலாளி எடுத்தார், அது என் வேட்டிக்குள் போய்விட்டது.

பாஸ்போர்ட் எனக்கு அப்போது வெறும் பாஸ்போர்ட் இல்லை. தை மாதக் கடைசி முகூர்த்தத்தில் என் மகள் கோகிலாவுக்கு ராசிபுரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை குமாரபாளையம். ஒரேயடியாக வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போவதற்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அந்தப் பெண் நடக்கப் பழகியதை நான் பார்க்கவில்லை, பள்ளிக்கூடம் போனதைப் பார்க்கவில்லை, பட்டம் வாங்கியதைப் போனில்தான் பார்த்தேன். தாரை வார்த்துக் கொடுக்கவாவது அப்பா கை அங்கே இருக்க வேண்டாமா?

ரெஹேமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார், வருத்தம் நிஜமானது என்று தெரிந்தது. "உரிமையாளர் என் முன்னால் வந்து தன் வண்டி இது, நடந்தது இது என்று சொல்லட்டும் ம்ஸே. அன்றைக்கே கோப்பை மூடிவிடுவேன். வர முடியாவிட்டால் தூதரக முத்திரையோடு அதிகாரப் பத்திரம் அனுப்பட்டும்." அதிகாரப் பத்திரம் வந்து சேர மாதக்கணக்காகும். அதற்குள் தை போய் மாசியும் போய்விடும்.

முதலாளிக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டார். கண்ணாடியையும் துடைத்திருப்பார்.

"அம்மாளை ஒரு தடவை அனுப்பினாப் போதுமுங்க" என்றேன்.

"அவளுக்கு என்னங்க தெரியும்? மாடு கன்னை உட்டுட்டு வருவாளா? பாத்துச் செய்யுங்க வெங்கடாசலம்."

என்னத்தைப் பார்த்து, என்னத்தைச் செய்வது? அன்று போனை வைத்துவிட்டு அழுதேன். வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றுவதற்காக என் மகளின் மணவறையில் அப்பா இடம் காலியாக நிற்கப் போகிறது. சின்ன முதலாளியோ, நான் சொல்லி வைத்த நம்பர் வேறு யாருக்காவது போய்விடுமா அங்கிள் என்று என்னிடமே கேட்டார்.

காரியத்தை நகர்த்தியது பத்திரிகை. கல்யாணப் பத்திரிகையைத்தான் சொல்கிறேன். முதலாளி வீட்டுக்குத் தட்டு வைத்து நேரில் அழைப்பது முறை. நான் இல்லாததால் என் மனைவி பரிமளா எருமப்பட்டித் தோட்டத்துக்குப் போனாள். வெற்றிலை பாக்கு, பழத்தோடு பத்திரிகையைக் கொடுத்ததும் சரஸ்வதி அம்மாள் கேட்டிருக்கிறார், "அண்ணன் என்னைக்கு வர்றாருங்க?" என்று. அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பரிமளாவுக்குப் பொங்கிவிட்டது.

"அவரை உட மாட்டேங்கறாங்களாமுங்க. உங்க பேர்ல இருக்கற வண்டியாமா."

"என்ற பேர்லயா? எனக்கு ஏதுங்க வண்டி?"

பரிமளா தனக்குத் தெரிந்த அளவு சொல்லியிருக்கிறாள். அம்மாள் பத்திரிகையைச் சாமி படத்தின் முன் வைத்துவிட்டு வந்து, கணவரைக் கேட்டாராம். அவர், "பாத்துக்கலாம் போ" என்றாராம். "நீங்க பாக்க வேண்டாம். நானே போய்ப் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, முருகனைக் கும்பிட மலேசியா போனபோது எடுத்த பாஸ்போர்ட்டைப் பீரோவிலிருந்து எடுத்தாராம். மாடு கறக்கத் தன் கூடப்பிறந்த அண்ணனின் மருமகளை வரச் சொல்லிவிட்டாராம். பரிமளா இதைப் போனில் சொன்னபோது நான் நம்பவில்லை.

விசா வந்தது, அம்மாளும் வந்தார். விமான நிலையத்தில் ஒரு கைப்பையோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "எலுமிச்சங்காய் ஒண்ணுகூட எடுத்துட்டு வரலீங்கண்ணா." எனக்கு அந்தக் கவலையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் ரெஹேமாவின் மேசைக்கு முன்னால் நாங்கள் மூன்று பேர். அம்மாள், சின்ன முதலாளி, நடுவில் மொழிபெயர்க்க நான்.

"இந்த வண்டியை நீங்கள் ஓட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்டார் ரெஹேமா.

"பின்னால உக்காந்துகூடப் போனதில்லீங்க."

"பிறகு எப்படி உங்கள் வண்டி ஆனது?"

"என்ற பேர்ல ராசி இருக்குதாமுங்க. எடுத்தா ஓடுமாமா."

ராசியை மொழிபெயர்ப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. நட்சத்திரம் என்றேன், அதிர்ஷ்டம் என்றேன், கடைசியில் "இவர் பெயரில் வாங்கினால் வண்டிக்கு நல்லது என்று வீட்டில் நம்புகிறார்கள்" என்றேன். ரெஹேமா முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தார். "என் கணவரும் மினி பஸ்ஸை என் பெயரில்தான் வைத்திருக்கிறார். அதிர்ஷ்டத்துக்காக அல்ல, கடன்காரர்களுக்காக."

நான் தமிழில் சொன்னதும் அம்மாள், "இங்கியுமா?" என்றார். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

ரெஹேமா மூன்று வழி சொன்னார். அம்மாள் இங்கேயே வேலை பர்மிட் வாங்கிக் குடியேறி வண்டியைத் தன் சாமானாக எடுத்துக்கொள்ளலாம். வண்டியைத் திரும்ப இந்தியாவுக்கே அனுப்பலாம், ஆனால் அது கப்பல் ஏறுகிற நாள் வரை விசாரணை திறந்தே இருக்கும். அல்லது வண்டி எனக்கு வேண்டாம் என்று இந்த நாட்டு அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிடலாம்.

"எதுல எழுதுனா அண்ணனோட பாஸ்போர்ட்டு இன்னைக்கே வரும்னு கேளுங்க" என்றார் அம்மாள்.

கேட்டேன். மூன்றாவது.

"அம்மா!" சின்ன முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என்னம்மா பண்றே? அது என்னோட பைக்கும்மா!"

அம்மாள் திரும்பி மகனைப் பார்த்தார். குரல் உயரவில்லை. "உன்றதா சாமி? பேரு மட்டும் அம்மாவுதுன்னு இந்தம்மாகிட்டச் சொன்னயாமா. பேரைத்தான் கேக்கறாங்க. நான் அதைக் குடுத்துட்டுப் போறேன்."

ரெஹேமா காகிதத்தை நீட்டினார். அம்மாள் பேனாவை வாங்கிக்கொண்டு காகிதத்தில் மேலும் கீழும் தேடினார்.

"இன்ட்டு எங்கீங்கண்ணா?"

"இங்க இன்ட்டு போட மாட்டாங்களாமுங்க. படிச்சுப் பாத்துட்டுத்தான் போடோணுமாமா."

அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்பப் படிங்க."

படித்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். உரிமையாளராகிய நான், என் முழு விருப்பத்தின்படி, என்ற இடம் வந்ததும், "இன்னொருக்கா படிங்க" என்றார். படித்தேன். பிறகு எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். இத்தனை வருடத்தில் அவர் என்ன என்று தெரிந்து போட்ட முதல் கையெழுத்து அதுவாகத்தான் இருக்கும். ரெஹேமா கோப்பை மூடி, மேசை இழுப்பறையிலிருந்து என் பாஸ்போர்ட்டை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். வெளியே வந்து படியில் உட்கார்ந்து பரிமளாவுக்குப் போன் செய்தேன்.

அந்த பைக் பிறகு என்ன ஆனது என்று பையன்கள் கேட்பார்கள். துறைமுகக் காவலர் ஒருவர் அதில் ரோந்து போவதாகக் கேள்வி. அன்னையின் பரிசு என்பதை அழிக்கவில்லையாம். ஹெல்மெட் போட்டிருக்கிறாராம்.

கல்யாணம் நடந்தது. கோகிலாவின் கையை என் கையால் பிடித்துக் கொடுத்தேன். தாரை நீர் விரலில் ஓடும்போது எனக்கு எதுவும் கண்ணில் தெரியவில்லை. அது போதும், அதற்கு மேல் எழுத வரவில்லை.

பந்தியில் முதலாளி குடும்பத்தை நானே உட்கார வைத்தேன். முதலாளி இலையைத் துடைத்துக்கொண்டே, "நல்லாப் பாத்துச் செஞ்சுட்டீங்க வெங்கடாசலம்" என்றார். பக்கத்தில் சின்ன முதலாளி யாரையும் பார்க்காமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்து அம்மாள். நான் பாயசம் வைக்கக் குனிந்தபோது அம்மாள் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, என்ற பேர்ல இன்னும் என்னென்ன வண்டி இருக்குதுங்க?"

சின்ன முதலாளியின் கை அப்பளத்தில் நின்றது. முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கக் கைக்குட்டை கிடைக்கவில்லை போலிருக்கிறது, வெறுங்கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பாத்துச் சொல்லுங்க வெங்கடாசலம்" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரத்தோடு கம்பெனியில் எனக்குக் கணக்கு முடித்தாகிவிட்டது. நான் இனி யாருக்கும் கிளார்க் இல்லை. பாயச வாளியைக் கீழே வைத்துவிட்டு அம்மாள் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன்.

"பாக்க வேண்டியதே இல்லீங்க, அத்தனையும் எனக்கு மனப்பாடம்" என்று சொல்லிவிட்டு, பெரிய ரிக்கிலிருந்து ஆரம்பித்தேன்.